குடும்ப ஜெபமும் அதற்குப் பிறகும்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓய்வுநாள் பள்ளியில் (சண்டே ஸ்கூலில்) பாடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் அப்பாக்களும் கோயில் (சர்ச்) வாசலில் "டீச்சர், ஒரு நிமிஷம்" என்று நிறுத்திக் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆளுக்கு ஆள் வெயிலில் நின்று பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் வேதசாஸ்திரம் படித்தவள் இல்லை. சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) பிறந்து வளர்ந்தவள். பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சாகத்தான் வரும். ஐயரவாள் (சபைப் போதகர்) வேறு மாதிரி சொன்னால் அவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடும்ப ஜெபம் காலையில் வைப்பதா, ராத்திரியிலா? எவ்வளவு நேரம்?

உங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருக்கிற நேரம் எது என்று முதலில் பாருங்கள். பதநீர்க் காலத்தில் பனையேறுகிறவர் விடியுமுன்னே மரத்தடியில் நிற்பார். அந்த வீட்டில் போய் "அதிகாலை ஜெபம்தான் சிறந்தது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆலங்குளம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் சாயங்காலம் கட்டு எண்ணிக் கொடுத்து முடியும்வரை யாருக்கும் தலை நிமிராது. என் வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளை 121-ஆம் சங்கீதத்தை ஒரு எழுத்துத் தப்பாமல் சொன்னாள். எங்கே படித்தாய் என்று கேட்டேன். அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே ஒரு வரி சொல்வாராம், இவள் இலை நறுக்கிக்கொண்டே திருப்பிச் சொல்வாளாம். அது குடும்ப ஜெபம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லும் இடத்தில் நான்கு நேரம் வருகிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் பையனிடம் பேசுவதும் இதில் சேர்த்திதான்.

எவ்வளவு நேரம் என்றால், பத்து நிமிஷம் போதும். ஒரு பாட்டில் இரண்டு சரணம், ஏழெட்டு வசனம், ஒரு சின்ன ஜெபம். என் தாத்தா ஜெபம் செய்தால் ஆபிரகாமில் தொடங்கி, ஊரில் படுத்திருக்கும் நோயாளிகள் எல்லாரையும் பேர் சொல்லித் தாண்டி, டெல்லியில் ஆளுகிறவர்கள்வரை போய்த்தான் திரும்புவார். நாங்கள் முழங்காலிலேயே தூங்கி, "ஆமென்" சத்தத்துக்கு விழிப்போம். தாத்தாவின் பக்தியில் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதில் ஞாபகம் இருப்பது பாயின் கோடு முழங்காலில் பதிந்ததுதான்.

வேதத்தில் எங்கிருந்து வாசிக்க ஆரம்பிப்பது?

மாற்கு. 16 அதிகாரம்தான், கதை ஓடும். பாதி அதிகாரமாக வாசித்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அப்புறம் நீதிமொழிகள், 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆதியாகமத்தில் ஆரம்பிக்கிற வீடுகள் பெரும்பாலும் லேவியராகமத்தில் நின்றுவிடும். இது என் அனுபவம்.

பழைய மொழிபெயர்ப்பின் ஓசையை நான் விடமாட்டேன், ஆனால் பிள்ளைகளுக்குப் புரியாத சொல்லை நிறுத்தி விளக்கியாக வேண்டும். "சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்று மத்தேயு கடைசி அதிகாரத்தை வாசித்தபோது ஒரு பையன் கையைத் தூக்கி, "எந்தெந்த ஜாதி டீச்சர்?" என்று கேட்டான். அங்கே ஜாதி என்றால் உலகத்து இனங்கள், மக்கள் கூட்டங்கள் என்று சொன்னேன். பையன் தலையாட்டினான். ஆனால் அவன் கேட்ட கேள்வி அப்படியே என்னிடம் இருக்கிறது. கீழே கல்யாணக் கேள்வியில் அதற்கு வருகிறேன்.

பிள்ளைகள் ஃபோனை விட்டு வர மாட்டேன் என்கிறார்கள்.

அப்பா ஃபோனை வைத்தாரா? எல்லா ஃபோனையும் ஒரு கூடையில் போட்டு டிவிக்கு மேலே வையுங்கள், பெரியவர்களுடையதையும் சேர்த்து. வேதம் ஃபோனில் இருக்கிறது, அதனால் வேண்டும் என்று யாராவது சொன்னால் அச்சடித்த வேதம் வாங்கிக் கொடுங்கள். அலமாரியில் சும்மா கிடப்பதே வீட்டுக்கு மூன்று இருக்கும்.

கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். நான் ஒருத்தி மட்டும் எப்படி நடத்துவது?

அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். நமக்கு ஒன்பது மணி என்றால் அவருக்கு ஏழரை. ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்திருப்பார். வீடியோ கால் போட்டு, கடைசி ஜெபத்தை மட்டும் அவரைச் செய்யச் சொல்லுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் நடந்தாலே போதும். லைன் அறுந்தால் நீங்கள் முடித்துவிடுங்கள்.

தனியாக வளர்க்கிறவர்களுக்கும், கணவர் கோயில் பக்கமே வராத வீட்டாருக்கும் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர். பவுல் அவனுடைய விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் சொல்கிறார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பாளையங்கோட்டையில் முதல் கோயிலைக் கட்ட முன்னால் நின்றது யார்? குளோரிந்தா. மராட்டியப் பிராமண விதவை. 1778-இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780-இல் சபைப் பதிவேட்டில் இருந்தது மொத்தமே 40 பேர். 1785-இல் கோயில் எழும்பியது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று இன்றைக்கும் சொல்கிறோம். வீட்டுக்காரர் இல்லாமல் விசுவாசம் நிற்காது என்று சொல்கிறவர்களை ஒரு தடவை அந்த வழியாகக் கூட்டிப்போங்கள்.

கணவர் வரவில்லை என்றால் அவர் காதில் விழுகிற மாதிரி அவருக்காகச் சத்தமாக ஜெபிக்காதீர்கள். அது ஜெபம் மாதிரி இருக்காது, குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும்.

ஜெபம் முடித்து எழுந்ததும் வீட்டில் சண்டை வருகிறது. பிள்ளைகள் முன்னால் கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் இருக்கிறவரை நல்லது. பிள்ளைகள் நம்மைப் பார்ப்பது ஜெபத்தில் இல்லை, ஆமெனுக்குப் பிறகு வரும் பத்து நிமிஷத்தில்தான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

எனக்கும் என் அண்ணனுக்கும் ஊரில் ஒரு கிணற்றுப் பங்கில் தகராறு. மோட்டார் யார் போட்டது, கரண்ட் பில் யார் கட்டுவது என்று ஆரம்பித்து, இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போனால் ஒரே கோயிலில்தான் உட்காருவோம். அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். திருவிருந்துக்கு (நற்கருணைக்கு) அவர் எழுந்து போன பிறகு நான் போவேன். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா, மாமாகிட்ட பேசாமலே திருவிருந்துக்குப் போறீங்களே, பரவாயில்லையா?" என்று கேட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை நானே பாடம் நடத்தியிருந்தேன்: காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்கிற பகுதி.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பெரிய கட்டிப்பிடிப்பு எதுவும் நடக்கவில்லை. மதினி காப்பி கொடுத்தார்கள். அண்ணன், "இந்த வருஷம் மழை பரவாயில்ல" என்றார். "ஆமா" என்றேன். கிணற்று விஷயம் தீர இன்னும் ஒரு வருஷம் ஆனது, அதிலும் எனக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனால் பேச்சு வந்துவிட்டது.

பிள்ளைகளை அநியாயமாகத் திட்டிவிட்டால் அவர்களிடம் மன்னிப்புக் கேளுங்கள். "அப்பா கேட்டால் மரியாதை போய்விடும்" என்பார்கள் பெரியவர்கள். போகாது. மன்னிப்பு ஜெபத்தில் மட்டும் வந்து வாழ்க்கையில் வராத வீட்டில்தான் பிள்ளைகள் வேறொரு முடிவுக்கு வருகிறார்கள்.

காணிக்கை கொடுக்கப் பிள்ளைகளை எப்படிப் பழக்குவது?

கோயிலுக்குள் நுழையும்போது பத்து ரூபாயை அவர்கள் கையில் திணிப்பது பழக்கம் ஆகாது. அது உங்கள் பணம், உண்டியல்வரை தூக்கிப்போவது மட்டும்தான் அவர்கள் வேலை. பழைய முறை ஒன்று இருக்கிறது: பிடியரிசி. உலையில் போடுமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. 1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆட்களை, தங்கள் காசில், மிஷனெரிகளாக அனுப்புவதற்கு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதற்கு ஓடியாடி உழைத்த அசரியா, வெள்ளாளன்விளைக்காரர், பின்னால் 1912-இல் பேராயர் ஆனார். முதல் ஊழியம் தெலுங்கு நாட்டில், தோர்ணக்கல்லில். இந்த மாதிரி ஊழியங்களுக்குப் பின்னால் இருந்தது பணக்காரர் செக் மட்டும் இல்லை, அடுப்படியில் இருந்த அரிசிப் பானையும்தான்.

அதில் என்ன விசேஷம் என்றால், அந்தக் கைப்பிடி சாப்பாட்டிலிருந்து போகிறது. குறைவது வீட்டுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு இன்றைக்கு அதே மாதிரி, தின்பண்டக் காசில் ஒரு பங்கை டப்பாவில் போடச் சொல்லுங்கள். அது யாருக்குப் போகிறது என்று அவர்களே தீர்மானிக்கட்டும்.

இன்னொரு பக்கம்: அசனத்துக்கு (சபை விருந்துக்கு) வரி, கோபுரத்துக்குப் பெயிண்ட், பண்டிகைக்குப் பந்தல் என்று வட்டிக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். அறுப்பின் பண்டிகை (அறுவடைக்கு நன்றி சொல்லும் பண்டிகை) ஏலத்தில் ஒரு தேங்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கேட்கிறவர் கைதட்டலுக்காகக் கேட்டு, பள்ளிக்கூட ஃபீஸுக்குக் கடன் வாங்கினால் நன்றாக இருக்காது.

எங்களுக்குக் கருப்பட்டி வியாபாரம். எல்லாரும் சீனி கலக்கிறார்கள். கலக்காவிட்டால் அந்த விலைக்கு விற்க முடியாது. என்ன செய்ய?

நேர்மையாகக் கேட்ட ஒரே வியாபாரி நீங்கள்தான். கலப்புச் சரக்கை அசல் என்று சொல்லி விற்காதீர்கள். என்னிடம் வேறு பதில் இல்லை. அளவு குறையும், சில வாடிக்கை போகும், அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்லவும் மாட்டேன். கலப்பில்லாத கருப்பட்டியைத் தேடி உடன்குடிவரை வருகிற ஆட்களும் இருக்கிறார்கள், கொஞ்சம் கூட விலை கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஒன்று மட்டும் யோசியுங்கள்: பாகு காய்ச்சும் கொட்டகையில் சீனி மூட்டையைப் பிரிப்பது உங்கள் மகன் என்றால், அன்று ராத்திரி அவனோடு என்ன வசனம் வாசிப்பீர்கள்?

பக்கத்து வீட்டில் இந்துக் கோயில் கொடைக்குப் பொங்கல் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கலாமா? சொந்தக்காரர்களிலேயே பாதிப் பேர் இந்துக்கள்.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி இல்லாத தெருவே கிடையாது. கொரிந்து சபையிலும் இதே கேள்வி இருந்தது. பவுல் 1 கொரிந்தியர் 10-இல் சொல்வது சுருக்கமாக இது: ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டு வைத்தால், துருவிக் கேட்காமல் சாப்பிடு, இது படைத்தது என்று ஒருவன் சொன்னால் அவனுடைய மனசாட்சிக்காக விட்டுவிடு. எங்கள் வீட்டில் படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை. வாங்கிச் சாப்பிடும் நல்ல கிறிஸ்தவக் குடும்பங்களும் எனக்குத் தெரியும். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

நான் கோபப்படுவது வேறு விஷயத்துக்கு. பாத்திரத்தோடு வாசலில் நிற்கிற பிள்ளையை முகத்தில் அடித்த மாதிரி திருப்பி அனுப்புவது. வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்க் கொட்டுவது. இரண்டையும் பார்த்திருக்கிறேன். "எங்களுக்குப் படைத்தது வேண்டாம் கண்ணு, அம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கிறேன்" என்று சொல்லி, மறுநாள் நிஜமாகவே போங்கள். கிறிஸ்மஸுக்கு நாம் கொடுக்கிற முறுக்கையும் கேக்கையும் அவர்கள் ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். அசனத்தில் பந்தியில் உட்காரவும் செய்கிறார்கள்.

நாங்கள் சி.எஸ்.ஐ., மருமகள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). வீட்டில் எந்த முறையில் ஜெபிப்பது?

அவள் ஜெபமாலையை ஒளித்துவைக்கிற நிலைமை வந்தால் தப்பு உங்கள் பக்கம். ஒரு வீட்டில் இப்படிச் செய்கிறார்கள்: பாட்டு மாமியார் தேர்ந்தெடுக்கும் கீர்த்தனை, வாசிப்பு மருமகள். கர்த்தருடைய ஜெபத்தை ஒரு நாள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றும், மறுநாள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்றும் சொல்கிறார்கள். பேரனுக்கு இரண்டுமே மனப்பாடம். எது சரி என்று அவன் இதுவரை கேட்கவில்லை.

மகனுக்குப் பெண் பார்க்கிறோம். "நல்ல கிறிஸ்தவக் குடும்பம்" வேண்டும். ஆனால் சொந்த ஜாதியில்...

இந்தக் கேள்வி எப்போதும் இப்படித்தான் பாதியில் நிற்கும். மீதியை நான் சொல்லிவிடுகிறேன். தரகர் கையில் இருக்கிற தாளில் முதல் வரி ஜாதி, இரண்டாம் வரி படிப்பு, மூன்றாவது பவுன். "தேவபக்தியுள்ள" என்பது கடைசி வரி, இடம் இருந்தால்.

வடக்கன்குளம் கோயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே பீடம், ஜாதிக்கு ஒன்றாக இரண்டு பிரிவு, நடுவில் சுவர். கால்சட்டைக் கோயில் என்று பேரே வந்துவிட்டது. 1910-இல் அந்தச் சுவரை இடித்தார்கள். அது ஆர்.சி. கோயில் கதை என்று சி.எஸ்.ஐ.க்காரர்கள் சிரிக்க வேண்டாம். கல்லில் கட்டின சுவரை இடித்துவிடலாம், கல்யாணத் தாளில் இருப்பதை எந்தக் கடப்பாரையால் இடிப்பது? "எந்தெந்த ஜாதி டீச்சர்" என்று கேட்ட பையனுக்கு இப்போது கல்யாண வயது. அவன் வீட்டில் அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறார்கள், நான் வகுப்பில் சொன்ன பதில் இல்லை.

வேறு ஜாதியில் கட்டியே ஆக வேண்டும் என்று நான் யாரையும் நெருக்கவில்லை. ஆனால் பிள்ளை தானாக ஒரு விசுவாசியான பெண்ணைச் சொன்னால், ஜாதியைக் காரணம் காட்டி மறுத்துவிட்டு "கர்த்தருடைய சித்தம் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது உங்கள் சித்தம். அவர் பெயரை அதில் இழுக்க வேண்டாம்.

வரதட்சணைக்கு 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்கிறதைச் செய்யுங்கள்" என்பதும் கேட்பதுதான். வாங்காத குடும்பங்கள் நம் சபைகளில் இருக்கின்றன. ஆனால் அதைப் பெருமையாகச் சொன்னால் "பையனுக்கு ஏதோ குறை" என்று பேசுவார்களோ என்று பயப்படுகிறார்கள். சத்தமாகவே சொல்லுங்கள்.

வீட்டில் தீராத வியாதி. ஜெபக் கூட்டத்தில் "விசுவாசம் போதவில்லை" என்கிறார்கள்.

டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் கண்ணை மூடும்வரை இருபது வருஷம் பெரும்பாலும் அறையிலும் கட்டிலிலுமாகத்தான் இருந்தார். அவருக்கா விசுவாசம் போதவில்லை? கல்லறையில் பெரிய கல் வைக்கக்கூட விடவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல், அவ்வளவுதான்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஜெபிக்க வருகிறவர்களை வரச்சொல்லுங்கள். நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிறவர்களுக்கு வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ராத்திரி கூட இருந்து பார்க்கிற முறையை வீட்டு ஆம்பிளைகளும் எடுத்துக்கொள்ள வேண்டும். எப்போதும் மருமகள் தலையிலேயே விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூஷன் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் புரிகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு?

சேகர எலெக்சன் (சபை நிர்வாகத் தேர்தல்) வந்தால் எங்கள் குடும்பமே இரண்டாகிறது.

எங்கள் குடும்பமும்தான். ஓட்டுப் போடுங்கள், நோட்டீஸ் கொண்டு வராதீர்கள். பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில் எந்த அணியைப் பற்றியும் பேசுவதில்லை என்று மட்டும் ஒரு சட்டம் வையுங்கள். நாங்கள் வைத்தோம், இரண்டு தடவை மீறல் நடந்தது, இரண்டும் நான்தான்.

காலேஜுக்குப் போன மகன் இனி கோயிலுக்கு வரமாட்டேன், எனக்கு நம்பிக்கை இல்லை என்கிறான்.

அழுது காட்டாதீர்கள். ஐயரவாளை வீட்டுக்கு வரவழைத்து அவன் முன்னால் உட்காரவைக்காதீர்கள். என்ன கேள்வி என்று கேளுங்கள், பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பல பையன்களோடு பேசிப் பார்த்ததில், கடவுளைப் பற்றிய சந்தேகத்துக்கு அடியில் சபையில் பார்த்த ஏதோ ஒன்று இருக்கும்: ஒரு பணத் தகராறு, கோயில் வாசலில் கேட்ட ஒரு ஜாதிப் பேச்சு, வீட்டில் அப்பாவின் கை. அவன் சொல்வது நியாயமாக இருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். லீவுக்கு வரும்போது குடும்ப ஜெபத்தில் உட்கார வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், அவன் பெயரைச் சொல்லி ஜெபிப்பதை மட்டும் நிறுத்தாமல் இருங்கள். சாப்பாட்டில் அவனுக்குப் பிடித்த சொதி இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் ஜெபம் நின்று வருஷக்கணக்காகிறது. மறுபடி எப்படி ஆரம்பிப்பது? வெட்கமாக இருக்கிறது.

புது வருஷத்துக்கு, அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனச் சீட்டு எடுத்த கையோடு ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்து, தட்டு கழுவப் போகுமுன், "கொஞ்சம் இருங்க" என்று சொல்லுங்கள். பாட்டு வேண்டாம், சுதி சேராது. 121-ஆம் சங்கீதம், எட்டே வசனம். யாராவது ஒருவர் வாசிக்கட்டும். கர்த்தருடைய ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அப்புறம் எழுந்து தட்டைக் கழுவுங்கள். முடிந்தால் இன்றைக்கு அதை அப்பா கழுவட்டும்.